தவில் வரும்போது திணறும் ஆம்ப்ளிஃபையர்

"சவுண்டு கம்மின்னு சொல்லலய்யா. தவில் உள்ள வரும்போதெல்லாம் நாயனம் மூச்சு வாங்குது."

அப்பா போனில் இதைச் சொன்னபோது, எந்த சாஃப்ட்வேர்காரனும் சொல்கிற பதிலைத்தான் நானும் சொன்னேன். "இங்க டெஸ்ட் பண்ணும்போது நல்லாத்தானே இருந்துச்சுப்பா."

கொஞ்சம் முன்கதை. நான் படித்தது பி.ஈ. எலெக்ட்ரானிக்ஸ். இருபது வருஷமா பொழப்பு சாஃப்ட்வேர். கை அரிப்புக்கு அப்பப்ப சாலிடரிங் அயர்ன் எடுப்பேன். அப்பா கோவில்பட்டியில் இருக்கிறார், ரிட்டையர்டு வாத்தியார். ரிட்டையர் ஆன பணத்தில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் ஒரு ஜோடி ஸ்பீக்கர். அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். எல்எம்3886 ஐசி இரண்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய போர்டு, அழகான அலுமினியப் பெட்டி. பவர் சப்ளைக்கு மட்டும், வீட்டில் கிடந்த ஒரு 24-0-24 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். அதோடு 2200 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இரண்டு. "வோல்ட்டேஜ் சரியா இருக்கே, போதும்" என்று நினைத்தேன். அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரை முழுக்க.

கோவில்பட்டிக்காரர்களுக்கு காருகுறிச்சி அருணாசலம் கிட்டத்தட்ட சொந்தக்காரர் மாதிரி. அப்பா கேட்பதில் முக்கால்வாசி நாதஸ்வரம். ஆகவே அவருடைய புகாரை நான் ஆறு மாசம் "வயசான காது" என்று தள்ளிப்போட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது. அவர் சொன்னது துல்லியமான பக் ரிப்போர்ட். எப்போது நடக்கிறது, என்ன நடக்கிறது, இரண்டுமே அதில் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆம்ப்ளிஃபையர் என்றால் சின்ன சிக்னலைப் பெருசாக்கும் பெட்டி என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் மாற்றிப் பார்த்தால்தான் பவர் சப்ளையின் அருமை தெரியும். ஸ்பீக்கருக்குப் போகிற ஒவ்வொரு ஆம்பியரும் சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து வருவதுதான். ஐசியோ டிரான்சிஸ்டரோ அந்தக் கரண்ட்டைத் திறந்து மூடும் குழாய், அவ்வளவே. பாட்டு அந்தக் குழாயைத் திருகும் கை. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் குழாயை எவ்வளவு திருகி என்ன?

இதில் தொட்டி என்பது கப்பாசிட்டர். தொட்டியை நிரப்புவது டிரான்ஸ்ஃபார்மரும் டையோடு பிரிட்ஜும். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் தொட்டியை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருப்பதில்லை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டையோடு பிரிட்ஜ் வழியாகப் பார்த்தால் நொடிக்கு 100 தடவை, அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, அலை உச்சிக்குப் போகிறது. கப்பாசிட்டரில் இருக்கும் வோல்ட்டேஜை விட அலை மேலே போகும் அந்தக் குறுகிய நேரத்தில் மட்டும்தான் உள்ளே கரண்ட் பாயும். மற்ற நேரமெல்லாம் ஆம்ப்ளிஃபையர் கப்பாசிட்டரில் இருப்பதை வைத்தே ஓட்ட வேண்டும். தெருக்குழாயில் காலையில் அரைமணி நேரம் தண்ணி வரும், அதற்குள் பிடித்து நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்பது போல. குடம் சின்னதா இருந்தா மத்தியானமே வறட்சி.

கணக்கு போட்டுப் பார்ப்போம், ரொம்ப சுலபம். வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கும் என்பது, கரண்ட்டை நேரத்தால் பெருக்கி, கப்பாசிட்டர் அளவால் வகுத்தால் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்க வேண்டும் என்றால் உச்சத்தில் சுமார் 28 வோல்ட், 3.5 ஆம்பியர் வேண்டும். 3.5 ஆம்பியரை 8 மில்லிசெகண்ட் இழுத்தால், என்னுடைய 2200 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரில் கிட்டத்தட்ட 13 வோல்ட் காலி! மொத்த சப்ளையே 30 சொச்சம் வோல்ட். அதில் 13 போனால் மிச்சம் என்ன? அதே இடத்தில் 10,000 மைக்ரோஃபாரட் இருந்திருந்தால் இறக்கம் 3 வோல்ட்டுக்குள் முடிந்திருக்கும்.

இது ஸ்பீக்கர் நல்ல பிள்ளையாக 8 ஓமில் நின்றால் வரும் கணக்கு. "8 ஓம்" என்று பின்னால் ஒட்டியிருப்பது ஒரு சராசரிப் பேச்சு. உண்மையில் அது ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும், சில இடங்களில் 5, 6 ஓம் வரைக்கும் இறங்கும். அங்கே கரண்ட் இன்னும் அதிகம் கேட்கும்.

இப்போது தவிலை யோசியுங்கள். வலந்தலையில் விரல் கூடுகள் பேசிக்கொண்டிருக்கும், தொப்பியில் குச்சி விழும். அந்த அடி குறைந்த அதிர்வெண் கொண்டது. ஒரே பக்கமாக பல மில்லிசெகண்ட் கரண்ட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நாதஸ்வரத்தின் அலை அப்படியில்லை, சட்டென்று மேலே போய் கீழே வந்துவிடும், தொட்டியை அவ்வளவாகக் காலி செய்யாது. தவில் தொட்டியை வழித்து எடுத்த அந்தக் கணத்தில், கூடவே ஒலிக்கும் நாதஸ்வரத்துக்குத் தலை நிமிர்த்த இடமில்லை. அதன் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. நாயனம் மூச்சு வாங்குது! நான் பக்கம் பக்கமாக எழுதுவதை அப்பா நாலு வார்த்தையில் சொல்லியிருந்தார்.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது மல்ட்டிமீட்டரும், 8 ஓம் 100 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் எடுத்துப்போனேன். பாட்டு இல்லாதபோது சப்ளை 36 வோல்ட். நான் சென்னையில் பார்த்து திருப்தியடைந்த அதே நம்பர். ஸ்பீக்கருக்குப் பதில் ரெசிஸ்டரை மாட்டி, போனில் ஒரு டோன் ஆப் வைத்து 60 ஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்து வால்யூமை ஏற்றினேன். 36 சரசரவென்று இறங்கி 26-க்கு வந்தது. மீட்டர் காட்டுவது சராசரிதான், நடுவே பள்ளம் அதை விட ஆழம். "50 வாட்" என்று நான் பீற்றிக்கொண்ட ஆம்ப், 20 வாட்டைத் தாண்டவில்லை. லோடு இல்லாமல் டெஸ்ட் செய்துவிட்டு புரொடக்‌ஷனுக்கு அனுப்பாதே என்று ஆபீசில் சின்னப் பசங்களுக்கு நான் பாடம் எடுப்பேன் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாதி தப்பு கப்பாசிட்டர், மீதி டிரான்ஸ்ஃபார்மர். 24-0-24, 1 ஆம்பியர் என்றால் 48 விஏ. அதன் ஒல்லியான கம்பிச் சுருளுக்கே சொந்தமாக ரெசிஸ்டன்ஸ் உண்டு. கூடவே, உச்சியில் மட்டும் கரண்ட் பாய்வதால், சராசரியாக 1 ஆம்பியர் வேண்டுமென்றால் அந்தக் குறுகிய நேரத்தில் 4, 5 ஆம்பியர் முட்டிமோதி நுழைய வேண்டியிருக்கிறது. வோல்ட்டேஜ் அங்கேயே விழுந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும்.

அப்போ எவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்? இரண்டு சேனல், ஆளுக்கு 50 வாட். கிளாஸ் ஏபி வகை ஆம்ப்ளிஃபையர் வாங்கும் கரண்ட்டை முழுக்க ஒலியாக மாற்றாது. முழு வால்யூமில்கூட நூற்றுக்கு எழுபதுதான் தேறும், மிச்சம் ஹீட்சிங்க்கைச் சூடாக்கும். ஆக 100 வாட் ஒலிக்கு சுமார் 145 வாட் டிசி. மேலே சொன்ன முட்டிமோதலுக்காக ஒன்றரை மடங்கு சேர்த்தால் 220 விஏ. இது டெஸ்ட் டோனை இடைவிடாமல் முழு சத்தத்தில் ஓடவிட்டால். பாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. மொத்த வாட்டேஜைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 150 விஏ, தாராளம். நான் 200 விஏ டொராய்டல் வாங்கினேன். இரண்டு கிலோவுக்கு மேல் கனம். சொல்லப்போனால் இந்தத் துறையில் பொய் சொல்லாத ஒரே அளவுகோல் எடைதான். என்ன, மலிவு டிரான்ஸ்ஃபார்மர்களில் காப்பருக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

பொய் என்றதும் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் நம்ம வீட்டு டேப் ரெக்கார்டர்களில் "1000 வாட்ஸ் பிஎம்பிஓ" என்று தங்க நிறத்தில் ஒட்டியிருக்கும். அதைத் திருப்பி பின்பக்கம் பார்த்தால் "மின் நுகர்வு 30 வாட்" என்று பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே போவதே 30 என்றால் வெளியே 1000 எங்கிருந்து வரும்? இன்றைக்கும் எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃப்யூஸ் 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது நம்ம 230 வோல்ட்டில் தொடர்ந்து 230 வாட்டுக்கு மேல் இழுக்காது.

இவ்வளவு வாட் எதுக்கு, வீட்டு ஹாலில் கேட்க 1 வாட் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சாதாரண ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் அளவுக்கு சத்தம் தரும். ஹாலில் உட்கார்ந்து கேட்பதற்கு சராசரியாக அதுவே அதிகம். ஆனால் தவில் அடி அந்த சராசரியை விட 15, 20 டெசிபல் மேலே எகிறும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு வாட், 20 என்றால் நூறு மடங்கு. சராசரி 1 வாட், அடி விழும் கணத்தில் 30-லிருந்து 100 வாட். பவர் சப்ளை என்பது அந்தக் கணத்துக்காகக் கட்டுவது. மற்ற நேரமெல்லாம் அது சும்மாதான் இருக்கும்.

புது டிரான்ஸ்ஃபார்மரும் 10,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்களும் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பட்! ஃப்யூஸ் போச்சு. காலி தொட்டி பெரிசு, டொராய்டல் கோரும் முதல் சில அலைகளில் தாறுமாறாக இழுக்கும். 1 ஆம்பியர் ஃபாஸ்ட் ஃப்யூஸ் இதைத் தாங்காது. ஸ்லோ புளோ ஃப்யூஸ் போட வேண்டும், முடிந்தால் ஒரு என்டிசி தெர்மிஸ்டரும். அது குளிர்ந்திருக்கும்போது கரண்ட்டைத் தடுக்கும், சூடானதும் வழிவிடும். ஃப்யூஸ் இடத்தில் சிகரெட் பேப்பர் சுற்றும் வீரர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

இப்போது பாட்டு இல்லாதபோது 35 வோல்ட், ஒரு சேனலை முழுக்க முடுக்கினால் 32. சுமார் 50 வாட் நிஜமாகவே வந்தது. அப்பா ஒரு முழு ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் கேட்டுவிட்டு, "இப்பத்தான் தவில்காரர் நாயனத்த அடிக்காம தவில அடிக்காரு" என்றார்.

சாயந்திரம் ஏழு மணிக்கு எங்கள் தெருவில் வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கும். இது ஆம்பைக் கெடுக்காதா? கணக்குப்படி 50 வாட் சுமார் 33 வாட் ஆகும். கேட்க பயங்கரமாக இருக்கிறதே தவிர, காதுக்கு அது 2 டெசிபல்கூட இல்லை. இதற்காக ஸ்டெபிலைசர் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். பழைய சின்ன டிரான்ஸ்ஃபார்மர் செய்த அநியாயத்துக்கு முன் லோ வோல்ட்டேஜ் ஒன்றுமே இல்லை.

ஆனால் பவர் கட் ஆகி இன்வெர்ட்டர் எடுக்கும்போது கதை வேறு. டிரான்ஸ்ஃபார்மர் ர்ர்ர் என்று ரீங்காரம் போட்டது, பழைய திணறலும் எட்டிப்பார்த்தது. இன்வெர்ட்டர் கொடுப்பதும் 230 வோல்ட்தானே? இதில் எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. நம்ம லைன் கரண்ட் சைன் அலை. 230 என்பது அதன் ஆர்எம்எஸ் மதிப்பு, உச்சி 325 வோல்ட். கப்பாசிட்டர் நிரம்புவது உச்சி வரைக்கும். மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. முழுச் சதுர அலையில் ஆர்எம்எஸ்ஸும் உச்சியும் ஒன்றுதான். 230 என்றால் உச்சியும் 230. பல்புக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது, உச்சியை நம்பிப் பிழைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு நூற்றுக்கு முப்பது வோல்ட்டேஜ் வெட்டு. வாட் கணக்கில் சரிபாதி. சாதாரண மல்ட்டிமீட்டர் இதில் நம்மை ஏமாற்றவும் செய்யும். அது சைன் அலை என்று நினைத்துக்கொண்டு கணக்கு போடுவதால், சதுர அலையை நூற்றுக்கு 11 அதிகமாகக் காட்டும். ரீங்காரத்துக்குக் காரணம் அந்த சதுர மூலைகளில் ஒளிந்திருக்கும் மேல் அதிர்வெண்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கினால் இரண்டும் தீரும். அப்பா கண்டுபிடித்த தீர்வு, கரண்ட் போனதும் ஆம்பை அணைத்துவிட்டு திண்ணைக்குப் போவது. செலவில்லாதது.

புதிதாகச் செய்பவர்களுக்கு இந்த டிரான்ஸ்ஃபார்மர் தலைவலியே வேண்டாம் என்றால், கிளாஸ் டி போர்டு ஒன்றும் எஸ்எம்பிஎஸ் அடாப்டர் ஒன்றும் போதும். டிபிஏ3116 மாதிரி ஐசியில் நூற்றுக்கு தொண்ணூறு பக்கம் ஒலியாகத் தேறும். அடாப்டர் 100-லிருந்து 240 வோல்ட் வரை எதையும் ஏற்றுக்கொள்ளும், சாயந்திர வோல்ட்டேஜ் அதற்கு உறைக்காது. ஒன்றே ஒன்று, 19 வோல்ட் 3.4 ஆம்பியர் லேப்டாப் அடாப்டரைக் கொடுத்துவிட்டு "50 பிளஸ் 50 வாட்" எதிர்பார்க்காதீர்கள். 65 வாட்டுக்கு மேல் கேட்டால், டிரான்ஸ்ஃபார்மர் போல முக்கி முனகிக் கொடுக்காது. கடையைச் சாத்திவிட்டு மறுபடி திறக்கும். பாட்டு விட்டு விட்டு வந்தால் காரணம் அதுதான்.

பத்தாயிரம் ரூபாய் பவர் கேபிள் பற்றியும் கேட்கிறார்கள். 200 விஏ ஆம்ப் சுவரிலிருந்து இழுப்பது 1 ஆம்பியருக்கும் கீழே. தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அலுமினியக் கம்பியில் காக்கா உட்கார வந்த கரண்ட், கடைசி ஒன்றரை மீட்டர் வெள்ளிக் கம்பியில் வந்து என்ன ஆகப்போகிறது? அந்தக் காசை எர்த்துக்குச் செலவு பண்ணுங்கள்.

எர்த் என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. டிவியோடு இணைத்தபோது ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வந்தது. தெரிந்தவர் ஒருவர் "மூணாவது பின்ன வெட்டி விட்ருங்க, போயிரும்" என்றார். வெட்டினால் போய்விடும், நிஜம். ஆனால் அலுமினியப் பெட்டிக்குள் என்றைக்காவது ஒரு ஃபேஸ் கம்பி கழன்று உடம்பைத் தொட்டால், ஃப்யூஸ் போவதற்குப் பதில் அப்பாவின் கை அந்த வேலையைச் செய்யும். வெட்டவில்லை. சந்தேகம் வந்து எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். பல்பு எரியவே இல்லை! முப்பது வருஷமாக அந்த வீட்டில் மூணாவது ஓட்டை வெறும் ஓட்டை. பின்பக்கத் தோட்டத்தில் குழி தோண்டி புது எர்த் போட்டோம். இரைச்சலுக்கு, டிவியிலிருந்து வரும் ஆடியோ வயரில் ஒரு சின்ன ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டதும் அடங்கியது.

ஒரு விஷயம் பாக்கி. நான் "வயசான காது" என்று தள்ளிப்போட்ட அந்த ஆறு மாசத்தில், இடது ஸ்பீக்கரின் ட்வீட்டர் கருகிவிட்டது. சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆம்ப் திணறி அலையின் தலையை வெட்டும்போது, வெட்டிய மூலைகளிலிருந்து மேல் அதிர்வெண்கள் பிறக்கின்றன. உச்சி நின்றுபோனாலும் வால்யூமை ஏற்ற ஏற்ற மற்றதெல்லாம் ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டும் போய்ச் சேருவது ட்வீட்டருக்கு. அதன் காயில் தாங்குவதோ சில வாட்கள்தான். சத்தம் பத்தவில்லை என்று அப்பா வால்யூமைத் திருகத் திருக, அது வெந்திருக்கிறது.

அதே மாடல் ட்வீட்டர் இப்போது வருவதில்லை. அளவுக்குச் சரியாக வேறொன்று போட்டிருக்கிறேன். மீட்டரில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அப்பா ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போனில், "எல்லாம் நல்லாருக்குய்யா. இடது பக்கம் தாளம் மட்டும் கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கு" என்றார்.

இந்தத் தடவை நான் "டெஸ்ட் பண்ணும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லவில்லை. வலது பக்கத்துக்கும் அதே புது ட்வீட்டரை வாங்கி பையில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் போகணும்.